நாயை ஒப்படைத்து மனம் நொந்த பிறகு: நேர்மையான றிவியூ எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

போன ஆவணியில் அம்மாவின் முழங்கால் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பில் 11 நாள் நிற்க வேண்டி வந்தது. வீட்டில் எங்கள் செம்பன். ஏழு வயது நாட்டு நாய், அம்மாவின் காலடியை விட்டு அசையாத பிள்ளை. அயலில் பொறுப்பெடுக்க ஒருவரும் இல்லாததால், யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே நாய் பூனைகளை வைத்துப் பார்க்கும் ஒரு தம்பியிடம் விட்டோம். நாளுக்கு 1,500 ரூபா. திரும்பி வந்து அவர் வீட்டுக் கேற்றடியில் செம்பனைக் கண்டபோது கழுத்தின் இடது பக்கம் இரண்டு விரல் அகலத்தில் கயிற்றுப் புண், காதுக்குள் உண்ணி, எண்ணக்கூடிய அளவுக்கு விலா எலும்பு.

அன்றிரவு 11 மணிக்குக் கூகுள் மப்பில் ஒரு நட்சத்திரம் போட்டு எட்டு வரி எழுதினேன். "கொடுமைக்காரன். கட்டிவைத்துப் பட்டினி போட்டிருக்கிறான்" என்று தொடங்கியது அது. அடுத்த நாள் மத்தியானம் நானே அழித்தேன். யாருக்கும் பயந்து அழிக்கவில்லை. அந்த எட்டு வரியில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இரண்டு வரிதான். மிச்சம் ஆறும் என் ஆத்திரம். இரண்டு கிழமை கழித்து வேறொன்று எழுதினேன், அது இன்றும் அங்கே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் செய்தவற்றையும் கற்றவற்றையும்தான் கீழே ஒழுங்காக எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இது ஏன் கஷ்டம்

யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பற்றிப் பொதுவில் எழுதுவது, எங்கோ ஒரு ஹோட்டலைப் பற்றி எழுதுவது மாதிரி இல்லை. நாய் பார்க்கும் தம்பியின் சொந்தக்காரர் என் சித்தியோடு படிப்பிக்கிறா. நாளைக்குத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கப் போனால் அந்தத் தம்பியின் அம்மாவைக் காண்பேன். முகத்தை முறிக்கக் கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதனால் நேரே ஒன்றும் சொல்லமாட்டோம், எழுதவும் மாட்டோம். ஆனால் கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கோயில் வீதியிலும் கதைப்போம். கதை வாய்க்கு வாய் வளரும். என் வாயில் கயிற்றுப் புண்ணாகக் கிளம்பியது மூன்றாவது வாயில் கத்தி வெட்டாகிவிடும்.

அந்தப் பேச்சு யாருக்கும் நன்மை செய்வதில்லை. நாயை விட இடம் தேடும் ஆட்களில் பாதிப்பேருக்கு அது போய்ச் சேராது. பல்கலைக்கழகத்துக்கு வவுனியாவிலிருந்து வந்து வாடகை அறையில் பூனை வளர்க்கும் பிள்ளைக்கு இங்கே சித்தி இல்லை. ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த உத்தியோகத்தருக்கும் இல்லை. அவர்கள் போனை எடுத்துத்தான் தேடுவார்கள். இன்னொரு பக்கம், பிழை விட்டவருக்கும் தான் எதைத் திருத்த வேண்டும் என்று தெரியாது. ஆட்கள் வருவது குறைந்துவிட்டது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கும் முதுகுக்குப் பின்னால் எரிப்பதற்கும் நடுவில் ஒரு வழி வேண்டும். பெயரைப் போட்டு, கண்டதை மட்டும், அவருக்கும் தெரிய எழுதுவதுதான் அந்த வழி.

1. எழுத முன் மிருக வைத்தியர்

திரும்பி வந்து 24 மணித்தியாலத்துக்குள் பிராணியை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். முதல் காரணம் அதன் உடம்பு. இரண்டாவது காரணம், நாட்கள் போகப் போக எது எங்கே நடந்தது என்று சொல்ல முடியாமல் போகும். தராசில் நிறுத்து, நிறையைத் தடுப்பூசி அட்டையிலேயே திகதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். காய்ச்சல் பார்க்கச் சொல்லுங்கள். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 இலிருந்து 39.2 பாகை செல்சியஸ் வரை இருக்கும், மனிதருடையதை விடக் கூட. தொட்டுப் பார்த்துவிட்டு "உடம்பு சுடுகிறது" என்று நாமே முடிவெடுத்தால் பிழைத்துவிடும்.

வைத்தியரிடம் கேட்கும் கேள்வியும் முக்கியம். "இது யாருடைய பிழை?" என்று கேட்காதீர்கள். அவருக்கு உடம்பைத் தெரியும், நடந்ததைத் தெரியாது. "இந்தப் புண் ஏறக்குறைய எத்தனை நாள் பழையது? எதனால் இப்படி வரும்?" என்று கேளுங்கள். செம்பனின் புண் சில நாள் பழையது, கயிறு உராய்ந்து வந்தது, யாரும் அடித்ததற்கு அடையாளம் இல்லை என்றார் எங்கள் வைத்தியர். நான் அழித்த எட்டு வரியில் அடி என்ற சொல்லும் இருந்தது.

நோய்க்கும் நாள் கணக்கு உண்டு. இந்த இடத்தில்தான் நல்ல மனிதர்கள்கூட அநியாயமாக எழுதிவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உண்ணி கடித்து, உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியப் பொதுவாக ஒன்று முதல் மூன்று கிழமை எடுக்கும். நீங்கள் நாலு நாள் விட்டுவிட்டு வந்து, வந்த அடுத்த நாளே நாய்க்கு அந்தக் காய்ச்சல் என்றால், கடித்த உண்ணி பெரும்பாலும் உங்கள் வளவு உண்ணிதான். பார்வோ வைரஸ் குட்டிகளுக்குத் தொற்றிப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில் வாந்தியும் இரத்தப்போக்கும் காட்டும், சில வேளை இரண்டு கிழமை வரை போகும். ஆகவே பத்து நாள் விட்ட குட்டிக்கு வந்தால் அங்கே தொற்றியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் குட்டிக்குத் தடுப்பூசிகள் முழுமையாகப் போட்டிருந்தீர்களா என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். பெட்டை நாய் திரும்பி வந்து சினைப்பட்டிருந்தால் கணக்கு இன்னும் தெளிவு. நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள், வைத்தியர் ஸ்கான் பார்த்துப் பின்னோக்கி எண்ணித் தருவார். பூனை சாப்பிடாமல் ஒளிந்திருந்தால் அது புது இடத்துப் பயமாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தின்னாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். அதைப் பூனையின் சொந்தக்காரருக்கு அறிவிக்காமல் விட்டவரைப் பற்றித் தயங்காமல் எழுதலாம்.

செம்பனின் காதுக்குள் இருந்த உண்ணியை நான் கடைசியில் எழுதவில்லை. கொழும்புக்குப் போவதற்கு முதல் நாள் காதைப் பார்த்தேனா என்று என்னையே கேட்டேன். பார்க்கவில்லை.

2. எண்ணக்கூடியவற்றை எண்ணுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, எண்ணவும் காட்டவும் கூடியவற்றை மட்டும் எழுதுங்கள். எனக்குக் கிடைத்தவை நாலு. முன்பே இருந்த காதுப் புண்ணுக்கு நாளுக்கு இரண்டு வீதம் 11 நாளுக்கு 22 குளிசை கொடுத்தேன், 9 திரும்பி வந்தது. முதல் ஐந்து நாளும் பின்னேரம் வட்ஸ்அப்பில் படம் வந்தது, அடுத்த நான்கு நாள் ஒன்றும் இல்லை, என் மூன்று செய்திகளுக்குப் பதிலும் இல்லை. ஆனி மாத அட்டையில் நிறை 18.4 கிலோ, வந்த அடுத்த நாள் 16.6 கிலோ. கழுத்துப் புண்ணின் படம், எடுத்த நேரத்தோடு.

வட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். சில பேர் செய்திகளைத் தானாக அழியும்படி விட்டிருப்பார்கள். மிஞ்சிய குளிசைப் பட்டையையும் சாப்பாட்டுப் பையையும் எறிய முன் படம் எடுங்கள். பத்து நாளுக்குக் கொடுத்த சாப்பாடு எவ்வளவு மிஞ்சியது என்பதைப் போலத் தெளிவான சாட்சி வேறில்லை.

என் நிறைக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. ஆனிக்கும் ஆவணிக்கும் இடையில் இரண்டு மாதம். அதில் கொஞ்சம் எங்கள் வீட்டிலேயே குறைந்திருக்கலாம். எழுதும்போது "ஆனியில் 18.4" என்று மாதத்தையும் சேர்த்தேன். வாசிப்பவர் தானே நிறுத்துப் பார்க்கட்டும்.

3. நாங்கள் சொல்லாமல் விட்டது என்ன

இதைச் செய்ய எனக்கு மூன்று நாள் எடுத்தது. மனம் ஒத்துக்கொள்ளவே இல்லை.

செம்பன் என்ன சாப்பிடும் என்று தம்பி கேட்டபோது "எதுவும் தின்னும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் அவன் அம்மா பக்கத்தில் இருந்தால்தான் வாய் வைப்பான். அம்மா புட்டோடு மீனைப் பிசைந்து, "சாப்பிடு ராசா" என்று சொன்ன பிறகுதான் தொடங்குவான். அது எங்களுக்கு அன்றாடம் நடப்பதால் சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. இன்னொன்று, சீனவெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழ் போய் நடுங்குவான். தீபாவளி தைப்பொங்கல் என்றால் அவனோடு ஒருவர் அறைக்குள் இருப்போம். ஆவணியில் யாழ்ப்பாணத்தில் எந்தத் திசையில் திரும்பினாலும் திருவிழா என்று தெரிந்தும் இதை நான் சொல்லவில்லை.

நீங்களும் கொப்பியின் அடுத்த பக்கத்தில் இதை எழுதுங்கள். மருந்து கொடுக்கும் விதத்தைக் கடதாசியில் எழுதிக் கொடுத்தீர்களா, வாயால் மட்டும் சொன்னீர்களா? வைத்தியரின் தொலைபேசி இலக்கம் கொடுத்தீர்களா? கட்டலாமா கூடாதா என்று பேசினீர்களா? உங்கள் பக்கப் பிழையை ஒப்புக்கொள்வதால் அவருடைய பிழை இல்லாமல் போகாது. 9 குளிசை 9 குளிசைதான்.

4. போட முன் அவரைக் கேளுங்கள்

முகமுறிவுக்குப் பயந்து இந்த ஊரில் எல்லாரும் தாண்டிப்போகும் படி இது. கேட்காமல் எழுதுவது உண்மையில் இன்னும் பெரிய முறிவு. நான் அனுப்பியது இது:

"தம்பி, செம்பனை டொக்டரிட்டக் காட்டினனாங்கள். கழுத்தில கயித்துப் புண் இருக்கு, குளிசை 9 மிச்சம், நிறையும் குறைஞ்சிருக்கு. நாலு நாள் உங்களிட்ட இருந்து பதிலும் வரேல்ல. நான் கூகுளில எழுத இருக்கிறன். அதுக்கு முதல் என்ன நடந்தது எண்டு உங்கட பக்கத்தையும் கேக்கிறதுதான் சரி. வியாழக்கிழமைக்கிடையில ஒருக்கா எடுங்கோ, இல்லாட்டி எழுதுங்கோ."

இதில் திட்டு இல்லை, கெஞ்சலும் இல்லை. கண்டது, எழுதப்போவது, பதிலுக்கு ஒரு நாள், அவ்வளவுதான். காசைப் பற்றி இதில் எழுதாதீர்கள். "காசைத் திருப்பித் தராவிட்டால் எழுதுவேன்" என்று ஒரு வசனம் இருந்தால் அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் எந்த உண்மையும் மிரட்டலாகத்தான் வாசிக்கப்படும். காசுக் கணக்கை வேறு நாளில், வேறாகப் பேசுங்கள்.

அவர் அன்றிரவே எடுத்தார். "அக்கா, குளிசை விட்டது என்ர பிழைதான்" என்று தொடங்கினார். ஆறாம் நாள் அவர் வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவர் அங்கே நிற்க, நாய்களைப் பார்த்தது பக்கத்து வீட்டுப் பொடியன். அதே நாட்களில் அருகில் இருந்த கோயிலில் வாணவேடிக்கை. செம்பன் மதிலால் பாயப் பார்த்திருக்கிறான். றோட்டுக்கு ஓடிவிடுவான் என்று பயந்து நைலோன் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். அவன் இழுக்க இழுக்கக் கழுத்து உரிந்திருக்கிறது. நான் "கட்டிவைத்துப் பட்டினி போட்டான்" என்று எழுதிய இரவில் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது.

அதற்காக என் மனம் முழுதாக ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் நின்றவருக்கு ஒரு செய்தி அனுப்ப முடிந்திருக்கும். "அக்கா, எனக்கு ஏலாமல் கிடக்கு, ஆராவது வந்து நாயைக் கூட்டிக்கொண்டு போகலாமோ" என்று கேட்டிருந்தால் கோண்டாவிலில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணை ஓட்டோவில் போய் ஏற்றியிருப்பார். அதை அவரிடம் சொன்னேன்.

கேட்கத் தேவையில்லாத நிலையும் உண்டு. வேண்டுமென்று அடித்தது, சுடுதண்ணி ஊற்றியது, பிராணி செத்ததை மறைத்தது போன்றவை றிவியூவோடு முடியும் விஷயம் இல்லை. மிருகவதைக்கு எதிராக எங்கள் நாட்டில் 1907ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பழைய சட்டம், தண்டனையும் சிறிது, ஆனாலும் பொலிஸ் முறைப்பாட்டுக்கு அது போதும். வைத்தியரின் அறிக்கையோடு முதலில் அங்கே போங்கள். மிரட்டக்கூடிய ஆள் என்று பட்டாலும் தனியாகத் தொடர்பு கொள்ள வேண்டாம்.

5. எவ்வளவு நாள் பொறுப்பது

மூன்று இரவாவது தூங்கி எழும்புங்கள். கூகுள் மப்பில் காலக்கெடு இல்லை, பிறகு திருத்தவும் அழிக்கவும் முடியும். எயார்பிஎன்பி போன்ற தளத்தில் தங்குமிடத்தோடு சேர்ந்த விஷயம் என்றால் 14 நாள்தான். அங்கே இரு பக்கமும் எழுதும் வரை, அல்லது அந்த 14 நாள் முடியும் வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அதனால் அங்கே பழிவாங்கி எழுதுவார் என்ற பயமில்லாமல் எழுதலாம்.

6. எழுதுவது

முதல் வசனத்தில் எந்தப் பிராணி, என்ன வயது, எத்தனை நாள், எந்த மாதம். இது இல்லாத றிவியூ யாருக்கும் உதவாது. மூன்று மாதக் குட்டிக்கும் மருந்து தின்னும் கிழட்டு நாய்க்கும் வேண்டிய கவனம் ஒன்றல்ல, இரண்டு நாளும் இருபது நாளும் ஒன்றல்ல.

பிறகு, ஒவ்வொரு வசனத்தையும் எழுதிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: இதை நான் கண்டேனா, ஒருவர் சொல்லக் கேட்டேனா, நானாக நினைக்கிறேனா? கண்டதைக் கண்டதாக எழுதுங்கள். கேட்டதைச் சொன்னவரோடு சேர்த்து எழுதுங்கள், "புண் சில நாள் பழையது என்று வைத்தியர் சொன்னார்" என்பது போல. நினைத்ததை வெட்டிவிடுங்கள். "பட்டினி போட்டார்" என்பது நினைத்தது. "நிறை குறைந்திருந்தது" என்பது கண்டது. "அக்கறையே இல்லாதவர்" நினைத்தது. "நான்கு நாள் பதில் இல்லை" கண்டது. கண்டதை எழுதினாலே போதும், வாசிப்பவருக்கு விளங்கும். நான் எட்டு வரியில் கத்தியதை விட "22இல் 9 மிச்சம்" என்ற மூன்று சொல் கனமாக விழுந்தது.

எப்போதும், ஒருபோதும், எல்லாரும், மொத்தமாக என்ற சொற்கள் வந்தால் அழியுங்கள். நீங்கள் கண்டது ஒரு 11 நாள். ஆளின் குணம், படிப்பு, குடும்பம், ஊர், சாதி, சமயம் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம். அப்படி எழுதிய றிவியூக்களை நான் வாசித்திருக்கிறேன். எழுதியவர் மேல்தான் எனக்கு வெறுப்பு வந்தது.

நல்லது இருந்தால் எழுதுங்கள், உண்மையாக இருந்தால் மட்டும். காரத்தைக் குறைக்கச் சீனி தூவுவது போல இரண்டு நல்ல வார்த்தை சேர்ப்பதும் ஒரு பொய்தான். இந்தத் தம்பியின் வளவு சுத்தம். மதில் உயரம். மூன்றாம் நாள் செம்பன் சத்தி எடுத்தபோது கேட்காமலே தன் காசில் வைத்தியரிடம் கொண்டுபோனார். அதைப் போடாமல் விட்டிருந்தால் நான் எழுதியது பாதி உண்மைதான்.

கடைசியாக, யாருக்கு இந்த இடம் சரிவரும், யாருக்குச் சரிவராது என்று ஒரு வசனம். நான் போட்டது முழுவதும் இது:

"ஏழு வயது நாட்டு நாயை ஆவணியில் 11 நாள் விட்டோம். முதல் ஐந்து நாளும் படம் அனுப்பினார். பிறகு நான்கு நாள் படமும் இல்லை, பதிலும் இல்லை. 22 குளிசையில் 9 கொடுக்கப்படாமல் திரும்பி வந்தது. கழுத்தில் கயிற்றுப் புண் இருந்தது. சில நாள் பழையது என்று வைத்தியர் சொன்னார். ஆனியில் 18.4 கிலோ இருந்த நாய், வந்த அடுத்த நாள் 16.6 கிலோ. கேட்டபோது, கோயில் வாணத்துக்குப் பயந்து ஓடப் பார்த்ததால் கட்டியதாகச் சொன்னார். மருந்து தவறியது தன் பிழை என்று ஏற்றுக்கொண்டார். எங்கள் நாய்க்கு வெடிப் பயம் இருப்பதையும், ஆள் பக்கத்தில் இருந்தால்தான் சாப்பிடும் என்பதையும் நாங்கள் முன்பே சொல்லவில்லை. வளவு சுத்தம், மதில் உயரம். சத்தி எடுத்த அன்று உடனே வைத்தியரிடம் கொண்டுபோனார். மருந்து கொடுக்க வேண்டிய பிராணியை நான் திரும்ப இங்கே விடமாட்டேன். சுகமான நாயென்றால், கட்டுவதைப் பற்றியும் தினமும் படம் அனுப்புவதைப் பற்றியும் முதலே கதைத்துவிட்டு விடலாம்."

அவர் வீட்டுச் சுகயீனத்தை நான் எழுதவில்லை. அது அவர்களுடைய சொந்த விஷயம். சொல்ல விரும்பினால் பதிலில் அவரே சொல்லட்டும் என்று விட்டேன்.

7. நட்சத்திரம்

எழுத்தை முடித்த பிறகு நட்சத்திரம் போடுங்கள். முதலிலேயே ஒன்றைப் போட்டால் எழுத்து அதை நியாயப்படுத்தப் பார்க்கும். நான் 2 போட்டேன். பிராணிக்குக் காயம், மருந்து தவறல், தொடர்பு அறுந்தது, இந்த மூன்றும் இருக்க 3 போட எனக்கு மனம் வரவில்லை. பேஸ்புக் பக்கங்களில் நட்சத்திரத்துக்குப் பதில் பரிந்துரைக்கிறீர்களா இல்லையா என்றுதான் கேட்கும். நடுவில் நிற்க அங்கே இடமில்லை என்பதால் எழுத்தை இன்னும் கவனமாக எழுத வேண்டும்.

8. சட்டமும் மற்றவர்களின் பாதுகாப்பும்

எங்கள் நாட்டில் அவதூறு 2002 முதல் குற்றவியல் குற்றம் இல்லை. ஆனால் நட்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போடலாம். உரோம டச்சுச் சட்ட வழியில் வந்த விதிப்படி, எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, அதை வெளியிட்டதில் பொது நன்மை இருந்தது என்றும் காட்ட வேண்டும். நாயை விடப்போகும் அடுத்தவருக்கு உதவும் வசனம் அதற்குள் வரும். அவருடைய குடும்பச் சண்டை வராது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் பொய்யான கூற்றுகளைப் பரப்புவதைப் பற்றியது. ஆகவே "கண்டேனா, கேட்டேனா, நினைத்தேனா" என்ற அந்தக் கேள்வி உங்களுக்கும் காவல். விஷயம் பெரிது, காசும் பெரிது என்றால் போட முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

படம் போடுவதென்றால் உங்கள் பிராணியின் படம் மட்டும். அந்த வீட்டுப் பிள்ளைகள், மற்றவர்களின் நாய்கள், வீட்டு இலக்கம், மோட்டார்சைக்கிள் இலக்கத்தகடு எதுவும் தெரியக்கூடாது.

9. போட்ட பிறகு

பதில் வரும். கோபமாகவும் வரலாம். ஒரு தரம் மட்டும், உண்மை பிழையாகச் சொல்லப்பட்டிருந்தால் மட்டும் திருத்துங்கள். சொந்தக்காரர் யாராவது போன் எடுத்து "அதை எடுத்துவிடு பிள்ளை, பாவம் அவன்" என்பார்கள். எனக்கு இருவர் எடுத்தார்கள், அதில் ஒருவர் மாமி. "மாமி, அதில ஒரு சொல் பொய் எண்டால் சொல்லுங்கோ, இப்பவே திருத்துறன்" என்றேன். அவவுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. காசோ கழிவோ தந்து எழுதியதை எடுக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், கூகுளின் விதியும் அதைத் தடுக்கிறது. அவர் உண்மையிலேயே ஏதும் மாற்றினால், பழையதை அழிக்காமல் அடியில் திகதியோடு சேர்த்து எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து, கயிற்றை விட்டு மார்புப் பட்டி வாங்கிவிட்டதாகத் தம்பி படம் அனுப்பினார். அதை அப்படியே சேர்த்தேன். நட்சத்திரத்தை மாற்றவில்லை.

நீங்கள் பார்த்துக்கொண்டவர் என்றால்

என் ஒன்றுவிட்ட தங்கச்சி, வெளிநாடு போன ஒருவரின் வீட்டில் நின்று நாயைப் பார்த்தவள். நாய் கடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை, தடுப்பூசி அட்டையும் இல்லை. மூன்றாம் நாள் கையில் கடி. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணியில் 15 நிமிடம் கழுவிவிட்டு யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போய் ஊசி போட்டாள். இப்படி நடந்தால் முதல் வேலை அதுதான், அட்டையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் போன்ற தளங்களில் பார்த்துக்கொண்டவரும் வீட்டுக்காரரைப் பற்றி எழுத முடியும். இங்கே வட்ஸ்அப் குழுவில்தான் எழுதுவோம். எங்கே எழுதினாலும் நாயைக் குற்றம் சொல்லாதீர்கள். "இது விசர் நாய்" என்று ஒரு வரி பரவினால் அந்த நாயின் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்காரர் எதைச் சொல்லவில்லை என்பதை எழுதுங்கள்: கடித்த வரலாறு, இல்லாத அட்டை, சொன்ன நாளைவிட எத்தனை நாள் பிந்தி வந்தார்கள், பேசிய காசில் எவ்வளவு தந்தார்கள், வீட்டுக்குள் கமரா இருந்ததைச் சொன்னார்களா. எங்கள் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆட்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், வீடு எந்த மாதம் பூட்டிக் கிடக்கும், திறப்பை எங்கே வைப்பார்கள் என்பது ஒரு சொல்லில்கூட வெளிவரக் கூடாது. கள்ளரும் வாசிப்பார்கள்.

தங்கச்சி தான் எழுதியதை முதலில் எனக்கு அனுப்பினாள். "அன்பில்லாத வீடு" என்று தொடங்கியிருந்தாள். அதை வெட்டிவிட்டு, "நாய் முன்பு இருவரைக் கடித்திருப்பது கடிபட்ட பிறகுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது" என்று தொடங்கச் சொன்னேன்.

போன மாதம் தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு அழைப்பு. சுன்னாகத்தில் இருக்கும் ஒரு அம்மா, என் பெயரைக் கூகுளில் கண்டு, யார் யாரையோ கேட்டு என் இலக்கத்தைப் பிடித்திருக்கிறா. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக இந்தியாவுக்குப் போகிறாவாம், இரண்டு கிழமை. "பிள்ளை, என்ர நாயும் வெடிக்குப் பயம். அந்த மார்புப் பட்டியை நீங்கள் கண்ணால கண்டனீங்களோ, அவர் அனுப்பின படம் மட்டுமோ?" என்று கேட்டா. படம் மட்டும்தான், நேரில் காணவில்லை என்றேன். "அப்ப நான் நாளைக்குப் போய்ப் பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தா.